மட்றிகல் இசையும் மறக்கப்பட்ட பாடகியும்

ஓர் இசையமைப்பாளன் தன் மனைவியைக் கொன்றவன் என்றால் அவனுடைய இசைக்கு எந்தக் காலத்திலும் விளம்பரம் தேவைப்படுவதில்லை. இத்தாலியின் கார்லோ ஜெசுவால்டோ இதற்குத் தக்க சான்று. 1590ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நேப்பிள்ஸ் நகரில், தன் மனைவி மரியா தாவலோசையும் அவளுடைய காதலனையும் படுக்கையறையில் வைத்துக் கொன்ற இந்தச் சிற்றரசன், தண்டனை எதுவும் அடையாமல் மேலும் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1613இல் இறந்தான். அவன் இயற்றிய மட்றிகல் பாடல்கள் ஆறு தொகுதிகளாக அவன் வாழ்நாளிலேயே அச்சேறின. ஜேர்மனிய இயக்குநர் வேர்னர் ஹெர்சொக் 1995இல் அவனைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். அதே ஆண்டில் ருசிய இசையமைப்பாளர் அல்பிரட் ஷ்னிட்கே அவனை நாயகனாக்கி இயற்றிய இசைநாடகம் வியன்னாவில் மேடையேறியது. அவனுடைய பாடல்கள் அடங்கிய இறுவட்டு எதை எடுத்தாலும், கூடவரும் குறிப்பில் முதலிற் சொல்லப்படுவது அந்தக் கொலைதான்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கான காரணம் எனக்கு விளங்காமலில்லை. கொலைச் செய்தி விற்கும். ஆயினும் எந்தக் கொலை விற்கும், எது விற்காது என்பதும் கவனிக்கத்தக்கது. இதே மட்றிகல் உலகில் எட்டு ஆண்டுகளின் பின்னர் இன்னொரு கொலை நடந்தது. அதைப் பற்றிப் படம் எடுத்தோர் எவரையும் நான் அறியேன். அதற்கு வருவதற்கு முன்னர், மட்றிகல் என்பது யாதென அறியாத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

மட்றிகல் என்பது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் செழித்த ஒரு குரலிசை வடிவம். நான்கு அல்லது ஐந்து பேர், சில வேளைகளில் ஆறு பேர், ஒரு தாய்மொழிக் கவிதையைச் சேர்ந்து பாடுவது. கவிதை பெரும்பாலும் காதலைப் பற்றியது. ஒருவர் பாட மற்றவர்கள் துணைநிற்கும் முறையன்று இது. ஒவ்வொரு குரலுக்கும் தனியான மெட்டு உண்டு, ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் சற்றுப் பிந்தித் தொடங்குவார், சில சொற்களில் எல்லோரும் ஒன்றுகூடுவர், மீண்டும் பிரிவர். ஒற்றை மெட்டில் ஊறிய நமது செவிக்கு இது முதலிற் சந்தடியாகத்தான் கேட்கும். நாலைந்து முறை கேட்டபின், ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு தொடர்ந்து செல்லப் பழகினால், மற்றக் குரல்கள் தாமாகவே துலங்கத் தொடங்கும். பதினான்காம் நூற்றாண்டிலும் இதே பெயரில் ஒரு பாட்டு வடிவம் இத்தாலியில் இருந்தது. பெயரைத் தவிர இரண்டிற்கும் இசையுறவு கிடையாது. அந்தப் பெயரின் வேர்ச்சொல் எது என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகின்றனர். அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

கலைக்களஞ்சியங்கள் இதனைச் சமயச் சார்பற்ற குரலிசை என்று வகுக்கின்றன. இந்தச் 'சார்பற்ற' என்னும் எதிர்மறைச் சொல் எனக்கு உவப்பானதன்று. கோயிலுக்கு உள்ளே இருப்பதே முறையானது, வெளியே நிற்பது அதன் குறை என்பதுபோல் அது ஒலிக்கிறது. அகம் என்று ஒரு துறையையே வகுத்துக் காதலைப் பாடிய மொழிக்காரருக்கு அப்படியொரு கூச்சம் தேவையில்லை. மட்றிகல் எதனையும் மறுத்துப் பிறந்ததன்று. கவிதை மீது கொண்ட பற்றினாற் பிறந்தது.

அந்தப் பற்றுக்குப் பெரிதும் காரணர் பியெத்ரோ பெம்போ என்ற புலவர். வெனிசின் புகழ்பெற்ற அச்சகர் ஆல்டஸ் 1501இல் வெளியிட்ட பெத்ரார்க்கின் கவிதைப் பதிப்பைச் செப்பஞ்செய்தவர் அவர். 1525இல் தாய்மொழியின் இலக்கிய நடை பற்றி ஒரு நூல் எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய பெத்ரார்க்கின் கவிதையில் எழுத்துகளின் ஓசையும் அசைகளின் அழுத்தமும் எதுகையின் இடைவெளியும் எவ்வாறு ஓரிடத்தில் கம்பீரத்தையும் ஓரிடத்தில் இனிமையையும் உண்டாக்குகின்றன என்று அதில் விரிவாக ஆராய்ந்தார். இலத்தீனே புலமையின் மொழி என்றிருந்த நாட்டில், தாய்மொழிக் கவிதையையும் அவ்வளவு நுணுக்கமாகப் படிக்கலாம் என்று காட்டியமை சிறிய காரியமன்று. சொல்லின் ஓசைக்கு இவ்வளவு பொருள் உண்டென்றால் அதற்கேற்ற இசை எங்கே என்று அடுத்த தலைமுறை கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த இசையை முதலில் அமைத்தவர்களுட் பெயர்பெற்ற வெர்டலோவும் ஆர்க்கடெல்ட்டும் இத்தாலியர் அல்லர். வடக்கே பிரான்சு, பிளாண்டர்ஸ் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மொழியின் மீதுள்ள காதல் சில வேளைகளில் அந்நியருக்கே கூடுதலாக வாய்க்கிறது.

1530இல் ரோம் நகரில் மட்றிகல் என்ற சொல்லைத் தலைப்பிற் கொண்ட முதலாவது இசைநூல் அச்சாகியது. ஆர்க்கடெல்ட்டின் நாற்குரல் மட்றிகல்களின் முதற் தொகுதி 1530களின் இறுதியில் வெனிசில் வெளிவந்து, நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. இதற்குப் பின்னால் ஓர் அச்சுத்தொழிற் கதை இருக்கிறது. 1501இல் வெனிசில் பெத்ரூச்சி முதன்முதலாகப் பலகுரல் இசையை அச்செழுத்தில் வெளியிட்டபோது, கோடுகளை ஒருமுறை, சுரங்களையும் சொற்களையும் வேறுமுறை என்று அதே தாளை மீண்டும் மீண்டும் அச்சிடவேண்டியிருந்தது. அழகான வேலை, விலையும் அதற்கேற்ப இருந்தது. 1520களின் இறுதியில் பாரிஸ் நகரில் அத்தெஞ்ஞான் என்பவர், ஒவ்வோர் அச்சிலும் சுரத்தோடு அதற்குரிய கோட்டுத் துண்டையும் சேர்த்து வார்த்து, எல்லாவற்றையும் ஒரே முறையில் அச்சிட்டார். கோடுகள் ஆங்காங்கே சற்று முறிந்து தெரிந்தன. யாரும் கவலைப்படவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பத்திரிகை வெளிவந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். ஒரு தாளை மூன்று முறை இயந்திரத்துக்குக் கொடுப்பதற்கும் ஒருமுறை கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அச்சுக்கோப்பாளர் எவரும் உடனே விளங்கிக்கொள்வர். வெனிசின் கார்டானோ, ஸ்கோத்தோ ஆகிய அச்சகங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. மட்றிகல் வீடுகளுக்குட் புகுந்தது இவ்வாறுதான்.

அது புகுந்த வடிவம் மிக முக்கியமானது. மட்றிகல் நூல் என்பது ஒரு நூலன்று. ஐந்து குரலுக்கு ஐந்து சிறு ஏடுகள். மேற்குரல் பாடுபவர் கையில் மேற்குரலுக்குரிய ஏடு மட்டும். கீழ்க்குரல் பாடுபவர் கையில் அவருடையது மட்டும். முழுப்பாட்டும் எவர் கையிலும் இல்லை. தாளத்தைப் பிரித்துக்காட்டும் நிலைக்குத்துக் கோடுகளும் அதில் இல்லை. அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கண்ணால் அறியமுடியாது; காதால்தான் அறியவேண்டும். ஒருவர் வழிதவறினால் பாட்டே நின்றுபோகும். இரவு உணவின் பின் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஏடுகளைப் பகிர்ந்துகொண்டு, மற்றவர் குரலைக் கேட்டுக்கேட்டுத் தன் குரலைச் செலுத்துவதே மட்றிகல். அந்த அறையில் பாடாதவர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். கேட்போர் இல்லாமலே முழுமைபெறும் இசை அது. இன்று நாம் அரங்கிலிருந்து கேட்கும்போதும் காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு கேட்கும்போதும், பிறருடைய உரையாடலை ஒட்டுக்கேட்கும் நிலையில்தான் இருக்கிறோம்.

இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் சற்றுப் பிந்தி வந்து, இன்னும் ஆழமாக வேரூன்றியது. 1588இல் நிக்கலஸ் யங் என்ற இலண்டன் தேவாலயப் பாடகர் இத்தாலிய மட்றிகல்களை ஆங்கிலச் சொற்களுடன் தொகுத்து வெளியிட்டார். கனவான்களும் வணிகர்களும் தமது வீட்டிற் கூடிப் பாடி வந்ததை அவர் முன்னுரையிற் குறிப்பிடுகிறார். 1597இல் தோமஸ் மோர்லி எழுதிய இசைப் பாடநூல், விருந்தொன்றில் தன் முன்னால் பாட்டேட்டை வைத்தபோது பாடத் தெரியாது விழித்து, இவன் எங்கே வளர்ந்தவன் என்ற ஏளனத்துக்கு ஆளான இளைஞன் ஒருவன் வெட்கம் தாங்காமல் ஆசிரியரைத் தேடி வருவதோடு தொடங்குகிறது. பாடநூலை விற்க விரும்பும் ஒருவர் எழுதியது. சிறிது மிகை இருக்கும். ஆனால் வாசகர் நம்பக்கூடிய மிகை அது. 1741இல், மட்றிகல் இயற்றுவோர் மறைந்து நெடுங்காலமான பின், ஜோன் இம்மின்ஸ் என்ற சட்டத்தரணி இலண்டனில் பழைய மட்றிகல்களைப் பாடுவதற்கென ஒரு சங்கம் அமைத்தார். அதன் தொடக்ககால உறுப்பினருட் பலர் ஸ்பிட்டல்பீல்ட்சு நெசவாளிகள். பகலெல்லாம் தறியில் இருந்தவர்கள் இரவில் மதுச்சாலையிற் கூடி, அரசர்களுக்காக எழுதப்பட்ட பாடல்களைப் பாடினார்கள். இசை வரலாற்று நூல்களில் இவர்களுக்கு இரண்டு வரிகளுக்கு மேல் கிடைப்பது அரிது.

மட்றிகலில் சொல்லும் இசையும் இணையும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வானம் என்ற சொல் வந்தால் குரல் மேலேறும். நரகம் வந்தால் இறங்கும். பெருமூச்சு வந்தால் நடுவே ஒரு சிறு மௌனம். தோமஸ் வீல்க்ஸ் 1601இல் எழுதிய ஒரு பாட்டில், இருவர் இருவராக என்ற இடத்தை இரு குரல்களும், மூவர் மூவராக என்ற இடத்தை மூன்று குரல்களும், தனியே என்ற சொல்லை ஒரே குரலும் பாடுகின்றன. வானியலாளர் கலிலியோவின் தந்தையாரும் லூட் வாசிப்பவருமான வின்சென்சோ கலிலேய், 1581இல் எழுதிய நூலில் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகப் பரிகசித்தார். கவிதையின் உணர்வை விட்டுவிட்டுத் தனிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கேட்போன் இருக்கையில் அமர்ந்து பேசுகிறார் என்பது என் எண்ணம். மேசையில் அமர்ந்து தனியே என்ற சொல்லைத் தானே தனியாகப் பாடவேண்டி வந்தவனுக்கு அது விளையாட்டாக மட்டும் இராது.

இனி, சமயத்தின் பக்கம். திருச்சபை மட்றிகலை நேரே தடைசெய்ய முற்படவில்லை. ஆனால் அதன் நிழல் விழாமலில்லை. கத்தோலிக்க இசையின் தூணாகப் போற்றப்படும் பலஸ்திரினா 1555இல் ஒரு மட்றிகல் தொகுதி வெளியிட்டிருந்தார். 1584இல், உன்னதப்பாட்டு வேதாகமப் பகுதிக்கு அவர் அமைத்த இசையைப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரிக்குச் சமர்ப்பித்த முன்னுரையில், காதற்பாட்டுகளுக்கு இசையமைத்தவர்களுள் தாமும் ஒருவராயிருந்ததை எண்ணி நாணுவதாகவும் வருந்துவதாகவும் எழுதினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1586இல், இன்னொரு மட்றிகல் தொகுதியை வெளியிட்டார். அந்த நாணத்தைச் சந்தேகிப்பவர்கள் உளர். எனக்கு அவர்மீது அன்புதான் பிறக்கிறது. 1607இல் மிலான் நகரில் கொப்பினி என்பவர் வேறொரு வழி கண்டார். மொன்டெவேர்டியின் மட்றிகல்களிலிருந்து காதற் சொற்களை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் இலத்தீன் பக்திச் சொற்களைப் பொருத்தி வெளியிட்டார். வேலை திறமையானது. ஆனால் ஒரு கவிதைக்கென்றே வெட்டித் தைத்த சட்டையை இன்னொருவருக்கு அணிவிக்க வேண்டியிருந்தது என்பதே, அந்தச் சட்டை எவ்வளவு விரும்பப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

மேசையைச் சுற்றியிருந்த இந்த இசை மேடைக்கு நகர்ந்தது பெராரா நகரில் என்பேன். அங்கு ஆண்ட இரண்டாம் அல்பொன்சோ 1580இல் பாடகியர் குழுவொன்றை அமைத்தான். லவுரா பெவெராரா, அன்னா குவாரினி, லிவியா தார்கோ ஆகியோர் அதன் மையம். ஏட்டில் அவர்கள் அரசியின் தோழியர். உண்மையில் இசைக்காகவே அமர்த்தப்பட்டவர்கள். லவுரா யாழ் வகையான ஹார்ப்பும், அன்னா லூட்டும், லிவியா வயலும் இசைக்கவும் வல்லவர்கள். அரண்மனையின் உள்ளறையில், அழைக்கப்பட்ட மிகச் சிலருக்கு முன்னால் மட்டும் நாள்தோறும் பாடினார்கள். அவர்களுக்கென லுட்சாஸ்கி இயற்றிய பாடல்கள் அச்சுக்குச் செல்ல அல்பொன்சோ இடங்கொடுக்கவில்லை. அவன் இறந்தபின் 1601இலேதான் அவை வெளிவந்தன. சாதாரணக் குரல்கள் தொடமுடியாத விரைவும் அலங்காரமும் அவற்றில் இருந்தன. பெண்கள் இசையைத் தொழிலாகக் கொண்டு மதிப்புடன் வாழ ஒரு வழி அங்கே திறந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே அறையில்தான் மேசையில் இருந்தவர்கள் எழுந்து நாற்காலிகளுக்குச் சென்று வாய்மூடி அமர்ந்தார்கள்.

1594இல் அந்த நகருக்கு மணமகனாக வந்தான் ஜெசுவால்டோ. அல்பொன்சோவின் உறவினளான லியோனோரா அவனுடைய இரண்டாவது மனைவி. அவனுடைய முதல் நான்கு தொகுதிகளும் 1594க்கும் 1596க்கும் இடையில் பெராராவிலேயே அச்சாயின. இங்கேதான் கொலைக் கதைக்காரர்களோடு நான் முரண்படுகிறேன். 1611இல் வெளியான அவனுடைய கடைசித் தொகுதிகளில் காதைத் திடுக்கிட வைக்கும் சுர மாற்றங்களைக் குற்றவுணர்வின் ஓலம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அரைச்சுரங்களையும் அவற்றினும் நுண்ணிய இடைவெளிகளையும் பற்றி விச்சென்டினோ நூல் எழுதியது 1555இல். எண்ம இடைவெளி ஒன்றுக்கு 36 கட்டைகள் கொண்ட அவருடைய வாத்தியம் பெராராவில் இருந்தது. லுட்சாஸ்கி அதை வாசிக்கக் கற்றிருந்தார். ஜெசுவால்டோ ஒரு நல்ல பள்ளிக்கூடத்துக்குச் சென்று, கவனமாகப் படித்து, ஆசிரியர்களை விஞ்சிச் சென்ற மாணவன். அவனுடைய இசையைப் பெற்ற தாய் அந்த நகரமேயன்றிக் கொலையன்று. அந்தக் கொலைக்கு இசை ஒரு சாக்கும் அன்று.

அல்பொன்சோ வாரிசின்றி 1597இல் இறந்தான். 1598இல் பெராரா பாப்பரசரின் ஆட்சிக்குட் சென்றது. பாடகியர் குழு கலைந்தது. அதே 1598இல் அன்னா குவாரினியை அவளுடைய கணவன் எர்கோலே திரோத்தி கொன்றான். மேலே நான் சொன்ன மற்றக் கொலை இதுதான்.

அன்னாவின் தந்தை சாதாரண மனிதரல்லர். இத்தாலி முழுவதும் படித்த 'நம்பிக்கையுள்ள இடையன்' என்னும் நாடகத்தின் ஆசிரியர் ஜொவான்னி பத்திஸ்தா குவாரினி அவர். மட்றிகல் இயற்றியோர் அவருடைய வரிகளைப் போட்டிபோட்டு எடுத்தாண்டனர். இதில் இன்னுமொரு செய்தி உண்டு. மொன்டெவேர்டியின் மட்றிகல்களைத் தாக்கி ஆர்டூசி என்ற பாதிரியார் 1600இல் எழுதிய நூல், இசை வரலாற்றின் மிகப் பிரசித்தமான சர்ச்சையைத் தொடக்கிவைத்தது. அந்த நூல் ஓர் உரையாடல். அது நடப்பதாக அவர் அமைத்த இடம் பெராரா, காலம் 1598. விவாதத்தின் நடுப்பொருள், குவாரினியின் அந்த நாடகத்திலிருந்து எடுத்த ஒரு காதற் புலம்பலுக்கு மொன்டெவேர்டி அமைத்த இசை. உரிய முறையில் ஆயத்தம் செய்யப்படாத முரண்சுரம் ஒன்று அதில் வருகிறது என்பது குற்றச்சாட்டு. சுரங்களை அச்சிட்டுக் காட்டிய ஆர்டூசி, அவற்றுக்குரிய சொற்களை அச்சிடாமல் விட்டார். 1607இல் மொன்டெவேர்டியின் தம்பி வெளியிட்ட மறுமொழி அந்த இடத்தைத்தான் பிடித்தது: சொல்லே தலைவி, இசை அவளுடைய பணிப்பெண், தலைவியை மறைத்துவிட்டுப் பணிப்பெண்மீது வழக்குத் தொடுப்பதா என்பது அதன் சாரம்.

அந்த மறுமொழி சரியானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஒரு முரண்சுரத்துக்காக நானூறு ஆண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகளையும், அதே நகரில் அதே ஆண்டில் கொல்லப்பட்ட, அந்தக் கவிஞரின் மகளான, அந்த இசையைப் பாடிய பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட வரிகளையும் ஒப்பிட்டால், செய்தி ஆசிரியனாக இருந்த எனக்கு உறுத்துகிறது. கொன்றவன் பிரசித்தமான இசையமைப்பாளனாக இருந்தால் அவன் நாயகன். கொல்லப்பட்டவள் பிரசித்தமான பாடகியாக இருந்தால் அவள் அடிக்குறிப்பு. நேப்பிள்ஸ் கொலையிற்கூட மரியா தாவலோஸ் யார், எத்தகையவள் என்று கேட்பார் குறைவு. ஜெசுவால்டோவின் பாடல்களை இசைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றை நானும் கேட்கிறேன். இறுவட்டுக் குறிப்புகளையும் வானொலி அறிமுகங்களையும் எழுதுவோர், கொலையைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், அன்னாவுக்கும் ஒரு பந்தி ஒதுக்கட்டும் என்கிறேன். பெராராப் பாடகியருக்காக எழுதப்பட்ட லுட்சாஸ்கியின் தொகுதி இன்று இசைத்தட்டிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கிறது. அன்னாவின் குரல் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

பாடியவர்கள் மட்டுமல்லர், இயற்றிய பெண்ணும் இருந்தார். மத்தலேனா கசுலானா 1568இல் வெனிசில் நாற்குரல் மட்றிகல் தொகுதி ஒன்றை வெளியிட்டார். தன் பெயரில் ஒரு முழு இசைநூலை அச்சேற்றிய முதற் பெண் அவரே. அறிவுக் கொடைகள் தமக்கு மட்டுமே உரியவை என்று எண்ணும் ஆண்களின் வீண் பிழையை உலகுக்குக் காட்ட விரும்புவதாக அதன் சமர்ப்பணத்தில் எழுதினார். சமர்ப்பணத்தைப் பெற்றவள் இசபெல்லா தே மெடிச்சி. அவள் 1576இல் இறந்தாள். கணவனே கொன்றான் என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது. வரலாற்றாசிரியர் சிலர் அதை ஏற்பதில்லை.

கசுலானா 1583இல் ஐங்குரல் மட்றிகல் தொகுதி ஒன்றையும் வெளியிட்டார். ஏடுகள் தனித்தனியானவை என்று முன்னர் சொன்னேன் அல்லவா? அத்தொகுதியின் ஆல்ட்டோ குரலுக்குரிய ஏடு போலந்தின் குடான்ஸ்க் நகர நூலகத்தில் இருந்து, இரண்டாம் உலகப் போரின்போது மறைந்துபோயிற்று. போரில் நூலகங்கள் இழப்பது என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குரல் இல்லாத ஐங்குரற் பாட்டை யாரும் பாடமுடியாது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்தத் தொகுதி ஊமையாகக் கிடந்தது. பின்னர் இசை ஆய்வாளர் லோரி ஸ்ட்ராஸ் அந்த ஏட்டை மொஸ்கோவிலுள்ள ருசிய அரச நூலகத்திற் கண்டுபிடித்தார். 2022ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, அனைத்துலக மகளிர் தினத்தன்று, அத்தொகுதியிலிருந்து சில பாடல்கள் ஐந்து குரல்களும் சேரப் பாடப்பட்டு பிபிசி வானொலியில் ஒலிபரப்பாகின.